வெளிச் சக்கரத்துக்கு மட்டும் புது டயர்

அன்று டயர் கடையில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான். என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், லாரியில் பாதிப் பங்குக்காரர். எங்கள் லாரியை ஓட்டிய பரங்கிப்பேட்டை பாய். கடை முதலாளி. டயர் மாட்டுகிறவர், அவர் வாயில் பாக்கை அடக்கிக்கொண்டு கடைசிவரை ஒரு வார்த்தை பேசவில்லை. ஆறாவதாக யாராவது இருந்தார்களா என்று பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். இருந்திருந்தால் பழியில் கொஞ்சத்தை அவர் தலையிலும் கட்டியிருக்கலாம். யாரும் இல்லை.

இரண்டாயிரத்து ஏழு, ஐப்பசி மாதம், கடலூர். மழை பிடித்துவிட்டிருந்தது. பெரிய ஊர்க்காரர்கள் குளிர்காலம் என்றால் ஸ்வெட்டரை நினைப்பார்கள். எங்களுக்கு அது சேறு. ஐப்பசியில் தொடங்கித் தை வரைக்கும் சிதம்பரத்துக்கு மேற்கே உள்ள கிளைச்சாலைகள் எல்லாம் களிமண்ணாய்க் குழைந்து கிடக்கும். தார் எங்கே முடிகிறது, வாய்க்கால் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. அந்த நான்கு மாதத்தில்தான் சம்பா நெல்லுக்கு உரம் கேட்பார்கள். கடலூர் முதுநகர் குடோனிலிருந்து யூரியா மூட்டை ஏற்றிக் கீரப்பாளையம் பக்கத்து உரக்கடைகளில் இறக்கும் வேலை எங்களுக்குக் கிடைக்கும்போல இருந்தது. அந்த சீசன் கிடைத்தால் லாரியின் தவணை தை வரை நிற்காமல் ஓடும்.

ஆனால் குடோன் சூப்பர்வைசர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். மொட்டை டயர் வண்டிக்கு லோடு கிடையாது. முந்தைய வருஷம் எவனோ ஒருவனுடைய லாரி சேற்றில் சிக்கி, இருநூறு மூட்டையும் நனைந்து, அவர் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியதாகிவிட்டதாம்.

எங்கள் வண்டியில் முன் டயர் இரண்டும் பரவாயில்லை. பின்னால் நான்கு. இடப்பக்கம் ஒரு ஜோடி, வலப்பக்கம் ஒரு ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. டயரின் மேலே தரையைப் பிடிக்கிற மேடுகளை நாங்கள் பட்டன் என்போம். அந்த நான்கு டயரிலும் பட்டன் தேய்ந்து, கையை வைத்துத் தடவினால் வழுக்கைத் தலையைத் தடவுகிற மாதிரி இருக்கும். நான்கும் மாற்ற வேண்டும். எங்களிடம் இருந்த காசுக்கும் கடை முதலாளி தரத் தயாராக இருந்த கடனுக்கும் இரண்டுதான் வரும்.

எந்த மாதிரி டயர் என்பதுதான் முதல் தகராறு. நேர்க்கோடாகப் பள்ளம் ஓடுகிற டயர் தார் ரோட்டுக்கு நல்லது, சூடு ஏறாது, அதிக நாள் உழைக்கும். குறுக்கே கட்டை கட்டையாகப் பட்டன் நிற்கிற டயர் சேற்றுக்கு நல்லது, ஆனால் தாரில் சீக்கிரம் தேயும். கடலூரிலிருந்து சிதம்பரம் வரை தார், அதன்பிறகு சேறு. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். நின்ற கையோடு இரண்டு வருஷம் ஒரு பஞ்சர் கடையில் வேலை பார்த்தவன். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்வதற்குள் மச்சான் கட்டைப் பட்டன் டயரைக் காலால் தட்டிவிட்டார்.

"இதப் பாரு மாப்ள, யான கால் மாதிரி இருக்கு. இதப் போட்டுக்கினு போய் நின்னா அந்தச் சூப்பர்வைசர் சல்யூட் அடிப்பான்."

"சேத்துக்கு இது சரிதான் மச்சான்," என்றேன். அதுவரை உண்மையாகவே சரிதான்.

பாய்தான் பேச்சை அடுத்ததற்குக் கொண்டுபோனார். என்னைவிட நான்கு வயது மூத்தவர். மெதுவாகப் பேசுவார். "ரெண்டு டயரையும் எடப்பக்கம் ஒரே ஜோடியாப் போடுங்க. ரோட்டு ஓரம் சரிவு, லோடு அந்தப் பக்கம்தான் சாயும். பழசுல இருக்குறதுல நல்லது ரெண்ட வலப்பக்கம் போட்டுக்கலாம். இந்த மழைய ஓட்டிடலாம்."

"வலப்பக்கம் மொட்டையாத் தெரியுமே பாய்?" என்றார் மச்சான். "அந்தாளு சுத்தி வந்து பாப்பான். இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. ரெண்டும் வெளியே. உள்ள இருக்குறத எவன் குனிஞ்சு பாக்கப் போறான்?"

"புதுசும் பழசும் ஒரே ஜோடியில சேரக்கூடாது. புதுசு ஒசரம் ஜாஸ்தி. மொத்த வெயிட்டும் அது தலையில ஏறும். வெடிச்சுரும்."

"வெடிக்காதுங்க," என்றார் கடை முதலாளி, கல்லாவிலிருந்து எழுந்திருக்காமலேயே. "ஓட ஓட சமமாயிடும்."

ஓட ஓட சமமாயிடும். அந்த மூன்று வார்த்தையை அந்த ஆள் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பான்! வெற்றிலை போட்ட சிவந்த வாய், இரண்டு விரலில் மோதிரம்.

மாட்டுகிறவர் மச்சான் சொன்னபடியே மாட்டினார். மாட்டி, ஜாக்கியை இறக்கியதும் பாய் கல்லா மேல் கிடந்த பழைய பேப்பரில் ஒரு தாளை எடுத்தார். ஈரத்தரையில் உட்கார்ந்து, இடப்பக்க ஜோடியில் உள் டயருக்கும் தரைக்கும் நடுவே அதைச் செருகினார். தாள் தடையில்லாமல் உள்ளே போய் அந்தப் பக்கம் வந்தது. உள் டயர் தரையையே தொடவில்லை.

"பாத்துக்குங்க," என்றார்.

"லோடு ஏறினா எறங்கிடும் பாய். காலி வண்டிய வெச்சு வித்த காட்டாதீங்க. மாதாவும் இருக்காங்க, 786ம் இருக்கு, இதுக்கு மேல ஒங்களுக்கு என்னா வேணும்?" லாரியின் நெற்றியில் நாங்கள் எழுதிய 'மாதா துணை'யும், உள்ளே கண்ணாடியில் பாய் ஒட்டிய 786ம் இருந்தன. கடை முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். அது இன்னும் என் பல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பாய் சிரிக்கவில்லை. தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு என்னைத் தனியே அழைத்தார். "தம்பி, ஒங்களுக்குத் தெரியும். சவூதிக்கு டிரைவர் வேலைக்கு விசா வந்துருச்சு. ஏஜெண்டுக்கு நாப்பத்தஞ்சாயிரம் கட்டியாச்சு, பொண்டாட்டி நகைய வெச்சு. மார்கழியில மெடிக்கல். அதுவரைக்கும் ரெண்டு மாசம் என் கையும் காலும் முழுசா இருக்கணும். அவ்வளவுதான் கேக்குறேன். மச்சான்கிட்ட சொல்லுங்க."

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்பதுதான் விஷயம். நான் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவன். கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று தெருக்கோடியிலிருந்து திரும்பிப் போவேன். பிள்ளைக்குத் தும்மல் வந்தால் ரத்தப் பரிசோதனைக்கு ஓடுவேன். அதனால் என் பயத்துக்கு வீட்டில் ஒரு மதிப்பும் கிடையாது. நியாயமாகப் பயப்பட வேண்டிய அன்றைக்கும் அதே இழுத்த குரலில்தான் பேச வந்தது. "மச்சான், பாய் சொல்றதும் ஒரு பக்கம் சரிதான், ஒருவேள வெடிச்சா..."

"கல்யாணத்தன்னிக்குக் கேக்குல எறும்பு ஏறிடும்னு ராத்திரி பூரா காவல் காத்தவன்டா நீ!" என்றார் மச்சான். "ஏறுச்சா?"

ஏறவில்லை. நான் போய் வண்டியில் ஏறிக்கொண்டேன். எனக்கே என் பயத்தின்மேல் நம்பிக்கை போயிருந்தது.

இதைவிட அசிங்கமானது அதற்குப் பிறகு நான் செய்தது. வீட்டுக்குப் போனதும் என் பயம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. சூப்பர்வைசர் ஒருவேளை குனிந்து பார்த்துவிட்டால்? டயர் வெடிக்குமா என்று பயந்தவன், வேலை போய்விடுமா என்று பயப்பட ஆரம்பித்தேன். டயருக்குப் போடுகிற கறுப்புப் பாலிஷ் ஒரு பாட்டில் வாங்கினேன். லாரிக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்து, பழைய பனியனால் உள் டயர் இரண்டுக்கும் நானே பூசினேன். பள்ளம் இருந்த இடமெல்லாம் பளபளவென்று கறுத்தது. யாரும் அதைச் செய்யச் சொல்லவில்லை. மச்சானுக்குக்கூட அது தோன்றவில்லை.

மறுநாள் குடோனில் சூப்பர்வைசர் குடையோடு வந்தார். லாரியை ஒரு சுற்று சுற்றினார். குடையின் நுனியால் வெளி டயரை இரண்டு குத்து குத்தினார். அந்தப் பக்கம் இரண்டு குத்து. "ம், ஏத்து," என்றார். குனியவே இல்லை. பேன்ட்டில் சேறு படக்கூடாது என்று இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனார். நான் பூசிய பாலிஷ் வீண். எனக்கு அன்றைக்கு வந்தது நிம்மதி. இப்போது நினைத்தால் காறித் துப்பத் தோன்றுகிறது.

மூன்று வாரம் ஒன்றும் ஆகவில்லை. மச்சான் தினமும் போன் போட்டு, "என்னா மாப்ள, வெடிச்சுருச்சா?" என்பார். பாய் ஒவ்வொரு நடையிலும் சிதம்பரம் வந்ததும் வண்டியை ஓரம் கட்டி, இறங்கி, நான்கு டயரையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். வெளி டயர் சுடும். உள் டயர் ஜில்லென்று இருக்கும். "வேல செய்யிறவன் ஒருத்தன், பக்கத்துல நின்னு சம்பளம் வாங்குறவன் ஒருத்தன்," என்பார். என்னைச் சொல்கிறாரா டயரைச் சொல்கிறாரா என்று தெரியாமல் நான் வெளியே பார்ப்பேன்.

கார்த்திகை முதல் வாரம். அன்றும் வாடகை வாங்குவதற்காக நான் வண்டியில் கூடப் போனேன். மூட்டை இருநூற்றிருபது. இருநூறுதான் ஏற்ற வேண்டும், இருபது மச்சானின் ஏற்பாடு. காலை பத்து மணி இருக்கும், மழை விட்டு லேசாக வெளிச்சம் வந்திருந்தது. கீரப்பாளையம் தாண்டி ஒரு கிளைச்சாலையில் திரும்பி, நடை வேகத்தில்தான் போனோம். எதிரே வந்த பஸ்ஸுக்கு வழிவிடப் பாய் இடப்பக்கம் ஒதுக்கினார். சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

வெடித்த சத்தத்தைவிட அதற்குப் பிறகு வந்த ஒரு கணத்து அமைதிதான் எனக்கு ஞாபகம் இருக்கிறது. புது டயர் போனது. மொத்த எடையும் உள்ளே இருந்த மொட்டை மேல் வந்தது. அதுவும் போனது. லாரி இடது புறமாக, படுக்கப் போகும் மாடு மாதிரி, அவசரமில்லாமல் சாய்ந்தது. நான் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தேன். பாய் வலது கையில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இடது கையால் என் தோள்பட்டைச் சட்டையை எட்டிப் பிடித்தார். நான் கதவுப் பக்கம் சரிந்தபோது அந்தக் கையையும் இழுத்துக்கொண்டு சரிந்தேன். நடுவே இருந்த என்ஜின் மூடியின் விளிம்பில் அவருடைய மணிக்கட்டு மடங்கியது. என் எடையில்தான் ஒடிந்தது. எனக்கு ஒரு கீறல் இல்லை.

வண்டி முழுதாகக் கவிழவில்லை. வாய்க்கால் கரையில் சாய்ந்து நின்றது. கயிறு அறுந்து மூட்டைகள் ஒவ்வொன்றாக வாய்க்காலில் விழுந்தன. பாயைக் கரையில் உட்கார வைத்துவிட்டு, என்ன செய்வது என்று தெரியாமல் நான் தண்ணீரில் குதித்தேன். மூட்டையைப் பிடித்துத் தூக்கினால் சாக்குதான் கையில் வந்தது, பாதி கரைந்துவிட்டிருந்தது. யூரியா கரைந்தால் தண்ணீர் குளிரும் என்று எனக்கு அதுவரை தெரியாது. இடுப்பளவு தண்ணீர், ஐஸ் போட்ட மாதிரி. பல் கிட்டிக்கொண்டது. விரல் நுனியெல்லாம் எரிந்தது. மூட்டைகள் கண் முன்னால் சுருங்கிக்கொண்டே போயின.

ஆட்கள் ஓடி வந்தார்கள். உதவிக்கு என்று நினைத்தேன். நான்கைந்து பேர், எல்லோர் கையிலும் மண்வெட்டி. எங்களைத் தாண்டிப் போய், வாய்க்காலின் கீழ்ப்பக்கம் அவரவர் வரப்பை வெட்டிவிட்டார்கள், உரத்தண்ணீர் தங்கள் வயலுக்குப் பாய. ஒருவர் அடுத்தவர் மடையை மண்ணைப் போட்டு அடைத்தார். அதற்கு அங்கேயே கைகலப்பு. வேட்டியை மடித்துக் கட்டியிருந்த ஒரு பெரியவர் மட்டும் என்னைப் பார்த்து, "வருத்தப்படாத தம்பி. எங்க போவுது? நெல்லுக்குத்தான போவுது," என்றார்.

இன்னொருவர் கேட்டார்: "நாளைக்கும் இந்தப் பக்கம்தான் வருவீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். கரையில் பாய் இடது கையை வலது கையில் ஏந்திக்கொண்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கை ஏற்கனவே வீங்க ஆரம்பித்திருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் அவரைத் தன் டி.வி.எஸ். பிஃப்டியில் உட்கார வைத்துச் சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். போகும்போது பாய் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "மார்கழிக்கு எத்தன நாள் இருக்கு தம்பி?"

கட்டுப் பிரித்த பிறகு விரல்கள் மூடின, மணிக்கட்டு திரும்பவில்லை. தண்ணீர் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகலாம், சாய்க்க முடியாது. மெடிக்கலில் தகுதியில்லை என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். ஏஜெண்ட், கட்டிய பணம் கட்டியதுதான் என்றான்.

வெடித்த டயரை நானும் மச்சானும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். புது டயர், மூன்று வாரம், கம்பெனியில் மாற்றித் தருவார்கள் என்று மச்சான் கணக்கு. கடை முதலாளி டயருக்குள் கையை விட்டுத் தடவினார். தலையை ஆட்டினார்.

"ஜோடி தப்பு. புதுசோட பழசப் போட்டிருக்கீங்க. லோடு பூரா இதுமேல வந்துருக்கு. கிளெய்ம் நிக்காது."

"யோவ், நீதான்யா ஓட ஓட சமமாயிடும்னு சொன்ன?" மச்சான் கத்தினார்.

"நான் சொல்வேன். வண்டி ஒங்க வண்டி. ஒங்க டிரைவரு பேப்பரு உட்டுக் காமிச்சாரே, அப்பவே புரிஞ்சிருக்க வேணாம்?" மாட்டுகிறவர் பாக்கைத் துப்பிவிட்டு எங்களைப் பார்த்தார்.

நான் டயரை மறுபடி தோளில் தூக்கிக்கொண்டேன். எனக்கு அப்போதே புரிந்திருந்தது.

கரைந்துபோன உரத்துக்குக் குடோன்காரர்கள் வாடகையில் பிடித்துக்கொண்டார்கள். வேலையும் போனது. இரண்டாயிரத்து ஒன்பதில் லாரியை விற்றோம். தவணை பாக்கி போக, கையில் கொஞ்சம் நின்றது. அதற்கு முன்பே, மச்சானும் நானும் பரங்கிப்பேட்டைக்குப் போய், பாயின் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, ஏஜெண்டிடம் போன நாற்பத்தைந்தாயிரத்தையும் நாங்கள் தருவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தோம். அவர் மனைவி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அல்லா பாத்துக்குவான்," என்று பாய் சொன்னார். எங்களை நம்பிச் சொன்னாரா, நம்பாமல் சொன்னாரா, தெரியவில்லை.

விற்ற காசு கைக்கு வந்த அன்று மச்சான் சொன்னார்: "மொதல்ல டயர் கடைக்காரனுக்குத் தீத்துடுவோம் மாப்ள. வாசல்ல வந்து நின்னு கத்துவான், மானம் போயிடும். பாய் கத்தமாட்டாரு."

கத்தமாட்டார் என்பது எங்களுக்கு நன்றாகத் தெரியும். நாற்பது மூட்டைச் சிமெண்டைத் தனியாளாக இறக்கிய நாளில்கூட அவர் கூலி கேட்டுக் கத்தியதில்லை. அதனால்தான் அவருடையது கடைசிக்குப் போனது. வெடித்த டயருக்கு, எங்களை ஏமாற்றியவனுக்கு, கடைசி ரூபாய் வரை வட்டியோடு கொடுத்தோம். அவன் எண்ணி வாங்கி, கல்லாவில் போட்டு, எங்களுக்கு டீ சொன்னான். நாங்கள் குடித்தோம். மச்சான் தன் பங்கைப் பெண்ணின் இன்ஜினியரிங் சீட்டுக்குக் கட்டினார். பாய்க்குக் கொடுக்க வேண்டியதில் மச்சானின் பாதி என்ன ஆயிற்று என்று கேட்டால், "அவரு ஒன்னத்தானடா புடிச்சாரு, என்னையவா புடிச்சாரு?" என்பார். என் பங்கில் நான் பத்தாயிரத்தைப் பாயிடம் கொடுத்துவிட்டு, மீதியில் வீட்டுக் கூடத்துக்கு டைல்ஸ் போட்டேன். மழைக்காலத்தில் தரை ஈரம் வாங்குகிறது, பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று பயம். எனக்குப் பயத்துக்கா குறை?

பாய் இப்போது பரங்கிப்பேட்டையில் மைத்துனர் கடையில் கல்லாவில் உட்காருகிறார். சில்லறையை வலது கையாலேயே எண்ணுகிறார். நான் எப்போதாவது பணம் கொண்டுபோனால் எண்ணாமல் டிராயரில் போட்டுக்கொள்வார். எழுதி வைப்பதில்லை. எவ்வளவு மீதி என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அதனால் கணக்கு என்னிடம்தான் இருக்கிறது. விபத்து நடந்த மறுவருஷம் ஐயாயிரம். லாரி விற்றபோது பத்தாயிரம். அடுத்த வருஷம் இரண்டாயிரம். போன வருஷம் ஆயிரத்து ஐந்நூறு. இந்த இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் இதுவரை ஒன்றும் இல்லை. போன வாரம் அந்தக் கடை வழியாகப் போக வேண்டியிருந்தது, கை வெறுங்கை என்று அடுத்த தெருவில் திரும்பிப் போனேன். அவர் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்திருப்பாரோ என்று நாலு நாளாகத் தூக்கம் இல்லை.

கொடுத்தது பதினெட்டாயிரத்து ஐந்நூறு. கொடுக்க வேண்டியது இன்னும் இருபத்தாறாயிரத்து ஐந்நூறு ரூபாய்.